எட்டு மணி வேலையா? ஒன்பது மணி வேலையா?

அண்ணன் பிறந்தது இரவு 1 மணி 50 நிமிஷத்துக்கு. தம்பி பிறந்தது இரவு 1 மணி 10 நிமிஷத்துக்கு. இரட்டைப் பிள்ளைகள். அதே ஆஸ்பத்திரி, அதே இரவு, அதே கடிகாரம். ஆனாலும் அண்ணன்தான் மூத்தவன். தம்பி 20 நிமிஷம் இளையவன்!

"இதென்ன பிதற்றல்?" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். சென்னையில் இப்படி நடக்காது. நியூயார்க்கில் நடக்கும். வருஷத்தில் ஒரே ஓர் இரவு நடக்கும்.

அந்த ஊரில் 2024-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 2 மணி அடிக்க வேண்டிய நேரத்தில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி மறுபடியும் 1 மணி ஆக்கினார்கள். ஆகவே அன்று 1 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரம் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை மணி 1-50 ஆனபோது ஒரு பிள்ளை பிறக்கிறது. இருபது நிமிஷம் கழித்து இன்னொரு பிள்ளை பிறக்கிறது. இப்போது கடிகாரத்தில் மணி 1-10! வெறும் மணியை மட்டும் எழுதி வைத்தால் தம்பி அண்ணனாகிவிடுவான்.

இரட்டைப் பிள்ளைகள் கதை சிரிப்பதற்கு. அதே இரவு அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அம்மாளை நினைத்துப் பாருங்கள். அது சிரிப்பதற்கு அல்ல.

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு அந்த அம்மாள் வேலைக்கு வருகிறார். ஞாயிறு காலை 7 மணிக்குப் போகிறார். பதினொன்றிலிருந்து ஏழு. சின்னப் பையனைக் கேட்டாலும் "எட்டு மணி நேரம்" என்பான். சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரும் பல இடங்களில் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த அம்மாள் நின்று உழைத்தது ஒன்பது மணி நேரம்! இரண்டு தடவை வந்த அந்த ஒரு மணியிலும் நோயாளிகள் படுத்துத்தான் இருந்தார்கள். அந்த அம்மாளும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

அந்த ஒரு மணி நேரக் கூலி எங்கே?

அமெரிக்கச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கடிகாரம் என்ன காட்டினாலும், உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்தாரோ அத்தனைக்கும் கூலி தரவேண்டும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் இலாகா சொல்லுகிறது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரைப் பங்கு. ஐந்து இரவு எட்டெட்டு மணியாக 40 மணி வேலை செய்யும் ஒருவருக்கு, அந்த வாரம் கணக்கு 41. ஆகவே விட்டுப்போனது வெறும் ஒரு மணிக் கூலி அல்ல. ஒன்றரை மணிக் கூலி.

"மார்ச் மாதம் ஒரு மணி நேரம் குறையுமே, அதற்கும் இதற்கும் சரியாகப் போய்விடும்" என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். 2024 மார்ச் 10-ந் தேதி அதிகாலை 2 மணி என்பதே வரவில்லை; 1-59க்கு அடுத்த நிமிஷம் 3 மணி. அன்று அதே பதினொன்று முதல் ஏழு வரை ஏழு மணி நேர வேலைதான். ஆனால் மார்ச்சில் இரவு வேலை பார்த்தவரே நவம்பரிலும் இரவு வேலை பார்ப்பார் என்பது என்ன நிச்சயம்? ஒருவருக்கு அதிகம் கொடுத்ததை இன்னொருவரிடம் பிடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

எதற்காக இந்தத் தொல்லை?

நமக்கு இது விசித்திரமாகத்தான் தோன்றும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் அப்படி இல்லை. ஜூன் மாதத்தில் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. கோடையில் கடிகாரத்தைத் தொடாமல் விட்டால் நாலு மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஜனங்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் விளக்கேற்றுவார்கள்.

லண்டனில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்துவந்த வில்லியம் வில்லெட் என்பவர் இதைப் பார்த்து வயிறெரிந்தார். 1907-ம் வருஷம் 'பகல் வெளிச்சம் வீணாகிறது' என்று ஒரு சிறு பிரசுரம் போட்டார். ஏப்ரலில் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது இருபது நிமிஷமாகக் கடிகாரத்தை முன்னால் தள்ளவேண்டும். செப்டம்பரில் அதே மாதிரி பின்னால் இழுக்கவேண்டும் என்பது அவர் யோசனை. ஆக, வருஷத்துக்கு எட்டுத் தடவை! நல்லவேளை, அது அப்படியே சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் இன்று கம்ப்யூட்டர் படிக்கப் பையன்களே கிடைத்திருக்கமாட்டார்கள்.

வில்லெட் 1915-ல் காலமானார். மறு வருஷமே யுத்தம் காரியத்தைச் சாதித்தது. நிலக்கரியை மிச்சம் பிடிப்பதற்காக 1916 ஏப்ரல் 30-ந் தேதி ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் தள்ளியது. 1918-ல் அமெரிக்கா. அன்று தொடங்கியது இன்னும் நின்றபாடில்லை.

நம் நாட்டிலும் நடந்தது

இது வெள்ளைக்காரர் ஊர்ச் சங்கதி என்று நினைக்கிறீர்களா? இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை தொடர்ந்து யுத்த நேரம்தான். அந்தக் காலத்தில் காலை 6 மணிக்குப் பிறந்த குழந்தை என்றால், இன்றைய கணக்குப்படி 5 மணிக்குப் பிறந்தது.

இதை நன்றாக நினைவில் வைத்திருந்தவர்கள் யார் தெரியுமா? ஜோதிடர்கள்! அந்த வருஷங்களில் பிறந்தவர் ஜாதகம் கணிக்க வந்தால், விஷயம் தெரிந்த ஜோதிடர், "யுத்த நேரமா, பழைய நேரமா?" என்று முதலில் கேட்பார். ஒரு மணி நேரம் தவறினால் லக்கினமே மாறிப் போகலாம் அல்லவா? ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். அந்தக் கேள்வி மட்டும் நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. "மணி என்ன?" என்று கேட்டால் போதாது, "எந்தக் கணக்குப்படி மணி?" என்று கேட்கவேண்டும்.

இலங்கையிலும் இப்படி நடந்திருக்கிறது. மின்சாரப் பஞ்சத்தினால் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. கொழும்பில் 2000-ம் வருஷம் எழுதிய ஒரு டெலிபோன் கணக்கை இன்றைய நேரத்தை வைத்துச் சரிபார்த்தால் அரை மணி நேரம் உதைக்கும்.

சுருங்கச் சொன்னால் இங்கே இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. "எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்பது ஒன்று. "இப்போது மணி என்ன?" என்பது இன்னொன்று. நம் முன்னோர் வைத்திருந்த நாழிகை வட்டில் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி. அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், நீர் நிரம்பி அது மூழ்குவதற்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். எந்த சர்க்கார் உத்தரவு போட்டாலும் கிண்ணம் முந்தி மூழ்கிவிடாது. கடிகார முள் அப்படி அல்ல. அது சட்டசபை சொன்னபடி கேட்கும்.

முள்ளைக் கழிக்கும் கம்ப்யூட்டர்

புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்யும் தப்பு இதுதான்: முதல் கேள்விக்கு இரண்டாவது கேள்வியின் பதிலை எடுத்துக்கொள்கிறார்கள். நாழிகையை எண்ண வேண்டிய இடத்தில் முள்ளைக் கழிக்கிறார்கள்.

சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமப்பா. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும்" என்றார்.

"சரி, இதைப் போட்டுக் காட்டு" என்று அந்த நர்ஸ் அம்மாள் கணக்கைக் கொடுத்தேன்.

அவர் எழுதுவது 'பைத்தான்' என்ற கம்ப்யூட்டர் மொழியில். பெயர் மலைப்பாம்பு, ஆள் சாது. இரண்டு நேரங்களுக்கும் 'நியூயார்க்' என்று சீட்டு ஒட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். வந்த விடை: எட்டு! தோழர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

பைத்தானில் இது பிழையே அல்ல. இரண்டு நேரங்களிலும் ஒரே ஊர்ச் சீட்டு இருந்தால் 'ஒரே ஊர்தானே' என்று முள்ளை மட்டும் கழிப்பது என்று அவர்கள் விதியே செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்கள்தான் அதிகம்.

பிறகு தோழர் வேறு விதமாகப் போட்டார். இரண்டு நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரமாக மாற்றினார். இது பழைய கிரீன்விச் நேரத்தின் வாரிசு, 'யு.டி.சி.' என்பார்கள். இதில் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. சனி இரவு 11 மணி என்பது அந்தக் கணக்கில் ஞாயிறு அதிகாலை 3 மணி. அப்போது நியூயார்க் நாலு மணி நேரம் பின்தங்கி இருந்தது. ஞாயிறு காலை 7 மணி என்பது பகல் 12 மணி; அதற்குள் நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கிவிட்டது. பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. அவ்வளவுதான்!

இவ்வளவு எளிய காரியத்தைச் செய்யாமல் விடுவதற்கு என்ன சாக்குச் சொல்ல முடியும்? வருஷத்தில் 363 நாளும் தப்பான புரோகிராமும் சரியான விடையே கொடுக்கும். அதுதான் ஆபத்து. பரீட்சை செய்கிறவர் ஜூலையில் பரீட்சை செய்வார். சரியாக இருக்கும். நவம்பரில் கூலி போகும்.

கூலி போனால் வழக்காடி வாங்கலாம். மருந்து விஷயம் அப்படியா? நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கவேண்டிய வலி மருந்து. இரவு 11-30க்கு ஒரு தடவை கொடுத்தாயிற்று. அடுத்தது 3-30க்கு என்று கம்ப்யூட்டர் முள்ளைக் கூட்டிச் சொல்லுகிறது. நவம்பரில் நோயாளி ஐந்து மணி நேரம் வலியில் கிடப்பார். மார்ச்சில் மூன்றே மணி நேரத்தில் மறு மருந்து உள்ளே போகும். அமெரிக்காவில் சில ஆஸ்பத்திரிகளில் நவம்பர் மாதத்து அந்த ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்கள் என்று 2018-ல் செய்தி வந்தது. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடு!

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. தினம் காலை 8 மணிக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு "24 மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று எழுதி வைத்தால், நவம்பர் 3-ந் தேதி காலை 7 மணிக்கே மணியடித்து எழுப்பிவிடும். "நாளை இதே நேரம்" என்பது வேறு. "24 மணி நேரம் கழித்து" என்பது வேறு. மார்ச் 1-ந் தேதியிலிருந்து ஏப்ரல் 1-ந் தேதி வரை 31 நாள். ஆனால் நியூயார்க்கில் அதை மணியாக எண்ணினால் 744 வராது, 743 தான் வரும். அதை 24-ஆல் வகுத்து மீதியைத் தள்ளிவிடும் புரோகிராம், 30 நாள் என்று சொல்லும். வட்டிக் கணக்கிலும் ஓட்டல் வாடகையிலும் ஒரு நாள் மாயமாகும்.

பெய்ரூட்டில் இரண்டு மணி

"அப்படியானால் எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்திலேயே எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது" என்று இப்போது பலர் சொல்லுகிறார்கள். புத்தகங்களும் அப்படியே போதிக்கின்றன. நடந்து முடிந்த காரியங்களுக்கு அது சரி. இனி நடக்கப்போகும் காரியங்களுக்கு அது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். காரணம், நாளைக்குக் கடிகாரம் எப்படி ஓடும் என்பது சர்க்கார் கையில் இருக்கிறது.

2023 மார்ச் மாதம் லெபனான் நாட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். மார்ச் 25-ந் தேதி நள்ளிரவில் கடிகாரத்தை முன்னால் தள்ளவேண்டும். பல வருஷ வழக்கம் அது. இரண்டு நாளுக்கு முன்பு, 23-ந் தேதி, ரம்ஜான் நோன்பை ஒட்டி, "இப்போது தள்ளவேண்டாம், ஏப்ரல் 20-ந் தேதி வரை பொறுப்போம்" என்று பிரதம மந்திரி மிக்காத்தி அறிவித்தார். மாரோனைட் கிறிஸ்தவ சபை ஏற்கமாட்டோம் என்றது. சில டெலிவிஷன் நிலையங்களும் மறுத்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஊரில் இரண்டு மணி! பலருடைய கைப் போன்கள் பழைய விதிப்படி தாமாகவே முன்னால் போய்விட்டன. போன் கம்பெனிகள், "கையால் திருத்திக்கொள்ளுங்கள்" என்று ஜனங்களுக்குச் செய்தி அனுப்பின. கடைசியில் திங்கட்கிழமை மந்திரிசபை கூடி, முடிவை மாற்றி, புதன்கிழமை நள்ளிரவில் கடிகாரத்தை முன்னால் தள்ளியது.

மார்ச் 27-ந் தேதி காலை 10 மணிக்கு டாக்டரைப் பார்க்க ஒருவர் ஒரு மாதம் முன்பே பதிவு செய்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 மணியை உலகப் பொது நேரமாக மாற்றிப் பூட்டி வைத்திருந்தால் அவர் கதி என்ன? டாக்டர் சர்க்கார் நேரப்படி 10 மணிக்குத்தான் வருவார். கம்ப்யூட்டர் 9 மணிக்கே வரச்சொல்லும். எழுதி வைக்கவேண்டியது 'காலை 10, பெய்ரூட்' என்பதைத்தான். கணக்கெல்லாம் அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் சாப்ட்வேர் பையன்களுக்கு இது வாராவாரம் தெரிந்த சங்கதி. நியூயார்க்கில் காலை 9 மணி கூட்டம் என்றால், குளிர்காலத்தில் சென்னையில் இரவு 7-30, கோடையில் 6-30. இதில் மாறாத மணி யாருடையது? நியூயார்க் முதலாளியுடையது. அவர் 9 மணிக்குத்தான் நாற்காலியில் உட்காருவார்! ஆகவே அந்தக் கூட்டத்துக்கு 'நியூயார்க்' என்ற பெயர்தான் முக்கியம். 'ஐ.எஸ்.டி.' மாதிரி சுருக்கெழுத்தையும் நம்பக்கூடாது. இந்திய நேரத்துக்கும் அதே எழுத்து, இஸ்ரேல் நேரத்துக்கும் அதே எழுத்து, அயர்லாந்து நேரத்துக்கும் அதே எழுத்து!

இத்தனை ஊர்களின் இத்தனை மாற்றங்களையும் யார் எழுதி வைக்கிறார்கள்? 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஒரு பட்டியல் இருக்கிறது. இப்போது பால் எக்கர்ட் என்பவர் மேற்பார்வையில், தொண்டாக வேலை செய்கிறவர்கள் அதைத் திருத்தி வருகிறார்கள். நம் கைப் போனிலும் அதுதான் இருக்கிறது. நம் யுத்த நேரமும் அதில் இருக்கிறது. இலங்கையின் அரை மணியும் இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் மட்டும் ஒரு மணி பின்னால் போகும் மொராக்கோவும் இருக்கிறது. 2011-ல் ஜோதிட சாப்ட்வேர் விற்கும் ஓர் அமெரிக்கக் கம்பெனி, "எங்கள் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள்" என்று இந்த இருவர்மேலும் வழக்குப் போட்டது. மறு வருஷமே வாபஸ் வாங்கிக்கொண்டது. பாருங்கள், அங்கேயும் ஜோதிடர்கள்தான் விழிப்பாக இருக்கிறார்கள்!

கடிகாரம் தள்ளும் வழக்கத்தையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2019 மார்ச்சில் ஐரோப்பியப் பார்லிமெண்ட் 410-க்கு 192 என்ற வோட்டில், 2021-ல் நிறுத்திவிடலாம் என்றது. நிற்கவில்லை. 2022-ல் அமெரிக்க செனட் சபை ஒரு மசோதா நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. நாளைக்கே ஒழித்தாலும் பழைய கணக்குகள் பழைய நேரத்திலேதான் இருக்கும். ஒழிக்கிற நாளும் பட்டியலில் இன்னொரு வரிதான்.

ஆகவே நான் சர்க்கார்களிடம் கேட்பது ஒன்றுதான்: தள்ளுவதானாலும் நிறுத்துவதானாலும் ஒரு வருஷம் முன்னதாகச் சொல்லுங்கள். இரண்டு நாளில் ஜனங்கள் முள்ளைத் திருப்பிக்கொள்வார்கள். உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் திருந்த இரண்டு நாள் போதாது.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சம்பளப் புரோகிராம் எழுதித் தரும் நம் ஊர் இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் புரோகிராமில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நியூயார்க், 2024 நவம்பர் 2, இரவு 11 மணி, நவம்பர் 3, காலை 7 மணி. விடை ஒன்பது என்று வந்தால் அனுப்புங்கள். எட்டு என்று வந்தால் அனுப்பாதீர்கள். அங்கே ஒரு நர்ஸ் அம்மாளுக்கு ஒன்றரை மணிக் கூலி பாக்கி இருக்கிறது.